பஞ்சில் சுற்றிய மண்

வேலப்பனுக்கு மலைத்தடத்தைக் காட்டியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வேறு யாராவது எடுத்துச் சொல்லி நான் தலையைக் குனிய வேண்டாம்.

எனக்கு ஊர் காரவள்ளி. இரண்டு கழுதைகள் மேல் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போவேன். மிளகும் சாமையும் ஏற்றிக்கொண்டு இறங்குவேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்துக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்களே, அதற்கு மறு வருஷம், தை மாதம். அடிவாரத்தில் ஒரு ஆள் என்னோடு சேர்ந்துகொண்டான். கறுப்புக் கோட்டு, கையில் குடை, வாய் நிறைய வெற்றிலை. வேலப்பன் மேஸ்திரி என்றான். வடக்கே மூன்று நாள் ரயிலில் போனால் நிலக்கரிச் சுரங்கமாம். யுத்தத்துக்குக் கரி போதவில்லையாம். ஆள் வேண்டுமாம். ஏறும் வழியெல்லாம் எனக்கு மூக்குப்பொடி கொடுத்தான். மலை மேல் பைல் நாடு என்ற பகுதியில், எனக்குப் பழக்கமான ஊரில் கொண்டுபோய் நிறுத்தி, "நல்ல மனுசன், நம்பலாம்" என்று என் வாயாலேயே சொன்னேன். நாலு சிட்டிகைப் பொடிக்கு என் வாய் அவ்வளவு மலிவாகப் போயிற்று.

அந்தத் தடவை அந்த ஊரிலிருந்து சென்றாயனும் அவன் பெண்டாட்டி பெருமாயியும் வேலப்பனோடு இறங்கினார்கள். ஐப்பசியில் பெருமாயி மட்டும் ஏறி வந்தாள்.

சேதி எனக்குச் சந்தையில் கிடைத்தது. சுரங்கத்தில் மேல்பாறை விழுந்து சென்றாயன் செத்துப்போனான், சாவுக்கு உப்பு வேண்டும், கொண்டுவரச் சொன்னார்கள் என்று. குழியில் உப்பைக் கொட்டித்தான் அங்கே மண் தள்ளுவார்கள். ஒரு மூட்டையைத் தனியாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். மூன்று நாளாக விடாத தூறல். பாறையெல்லாம் பாசி. கழுதைகள் வழுக்கி வழுக்கி நின்றன. என் மேல் இருந்த ஆத்திரத்தில் அவற்றை அடித்தேன். அவை என்ன பாவம் செய்தன?

சென்றாயனுடைய வீடு, சரிவை வெட்டி, வெட்டின கரையோடு முதுகு ஒட்டி நிற்கும். அந்த ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். கரையின் செம்மண்ணுக்கு நடுவே, தலை உயரத்தில், ஒரு சாண் கனத்துக்கு வெள்ளை மண் பட்டையாக ஓடும். கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும், அப்படி ஒரு மண். அதற்கு அடியில் குடைந்து ஆடு கட்டுவார்கள். மழை வலுத்தால் பிள்ளைகளைக் கொண்டுபோய் அதற்கு அடியில் உட்கார வைப்பார்கள். மலைக்காரன் புது இடத்தில் வீடு வெட்டும்போது முதலில் தேடுவது அந்தப் பட்டையைத்தான். ஒரு கட்டியைப் பெயர்த்துத் தண்ணீர்ச் சட்டியில் போட்டு வைப்பான். மறுநாளும் உருவம் மாறாமல் கிடந்தால்தான் அங்கே வேலையைத் தொடங்குவான்.

நான் போனபோது வாசலில் ருக்குமணி உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். சென்றாயனின் தம்பி சின்னராசுவின் பெண்டாட்டி. ஆறு மாத வயிறு. உலக்கையைத் தூக்குவதற்கே மூச்சு வாங்கியது. உரலைப் பார்த்தேன், முக்கால்வாசி பதர்.

"மழை பேயற காலத்துல பேயல. இப்ப அறுக்கற காலத்துல நின்னு பேயுது" என்றாள். "உப்பு கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்தேன் கண்ணு."

"கோடிக்குத் துணி?"

"துணி எங்க கெடைக்குது? கடையில கேட்டா கண்ட்ரோல்ங்கறான். அளந்து குடுக்கறதும் கெடையாது, ஒளிச்சு விக்கறதும் நின்னபாடில்ல. பொணத்துக்குப் போடன்னு கெஞ்சிப் பாத்தேன். உசுரோட இருக்கறவனுக்கே இல்லைன்னுட்டான்."

செத்தவனுக்குக் கூடப் பிறந்தவன் புதுத்துணி போட வேண்டும். அதுதான் கோடி. அது இல்லாமல் அனுப்பினால் செத்தவன் அம்மணமாகப் போகிறான் என்று கணக்கு. ருக்குமணி உலக்கையை ஓங்கிப் போட்டாள்.

அப்போது சின்னராசு விறகோடு வந்தான். தோளில் ஒரு சிவப்புக் கம்பளி. முரட்டுக் கம்பளி, புதுசு, மழைத்துளி அதன் மேல் முத்து முத்தாக நின்றது. வேலப்பன் சுரங்கத்துக்குப் பேர் கொடுத்தவர்களுக்குக் கொடுக்கும் கம்பளி அது.

"நீயுமா?"

"பத்துப் பேரு வாங்கியிருக்கறோமுங்க. ஊர்க்கவுண்டரு முன்னால கைநீட்டி வாங்கியாச்சு, வாக்குக் குடுத்தாப்பல. நாளைக்கு அண்ணனை அடக்கம் பண்ணிட்டு, நேரா எறங்கறோம்."

"உங்கண்ணன் செத்த குழிக்கா போற?"

"அண்ணன் அவசரக்காரனுங்க. மேல தாங்க முட்டு மரம் வெக்காம கரி வெட்டியிருக்கான். மேஸ்திரி சொன்னாரு. மேல இருக்கறது நம்மூரு மாதிரியே வெள்ளை மண்ணாமுங்க. வெள்ளை மண்ணு தானா விழுமா? நீங்களே சொல்லுங்க."

என்னிடம் கேட்கிறான்! அந்த மலையில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. விழாது. பிறந்ததிலிருந்து அதற்கு அடியில் ஆடு கட்டிப் படுத்து எழுந்தவர்கள். மலைக்காரனை ஏமாற்ற எந்த இடத்தில் கைவைக்க வேண்டும் என்று வேலப்பனுக்குத் தெரிந்திருந்தது.

பெருமாயி உள்ளே அடுப்பு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். விரல் நகமெல்லாம் கறுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை என்றாள். மடியில் ஒரு முடிச்சு. கை அதன் மேலேயே இருந்தது.

"களி திங்கறீங்களா உப்புக்காரரே? கீரை கடைஞ்சிருக்குது."

"கெடக்கட்டும். என்ன ஆச்சு, சொல்லு."

"என்னத்தச் சொல்ல? பொம்பளைங்களைக் குழிக்குள்ள எறக்கமாட்டாங்க. எங்களுக்கு மேல வேலை. கரி தொட்டி தொட்டியா வரும். அதுல கலந்து வர்ற வெள்ளை மண்ணப் பொறுக்கி எறியோணும். மண்ணு கலந்தா கரி எரியாதாம். காலையில குனிஞ்சா பொழுது சாயறவரைக்கும் குனிஞ்சே கெடக்கோணும். அன்னைக்கு மத்தியானம் சங்கு ஊதுச்சு. சோத்துச் சங்குன்னு நெனச்சுக் களிச்சட்டியை எடுத்தேன். சோத்துச் சங்கு இல்ல."

அடுப்பை ஊதினாள். புகை வந்தது.

"மூணு நாளு குழி வாசல்லயே கெடந்தேன். தோண்டி எடுங்க சாமின்னு கும்பிட்டேன். தோண்டுனா இன்னும் விழும்னுட்டாங்க. நாலா நாளு பட்டணத்துத் தொரை ஒருத்தரு வந்தாரு. எதுக்கு? மண்ணப் பாக்க. பக்கத்துக் குழியில எறங்கி, அந்த வெள்ளை மண்ணுல கட்டி கட்டியாப் பேத்து எடுத்து, ஒவ்வொண்ணையும் பஞ்சுல சுத்தி, சீட்டு எழுதிப் பொட்டியில அடுக்குனாரு. கூட ஒரு தமிழ்க் கிளார்க்கு இருந்தான். இது என்ன சாமின்னு கேட்டேன். எந்தக் காலத்துலயோ நெருப்பு மலை ஒண்ணு வெடிச்சுதாம். அந்தச் சாம்பலு காட்டு மேல வந்து விழுந்துதாம். காடு பொதைஞ்சு கரியாச்சாம். சாம்பலு மண்ணாச்சாம். அதிசயமான மண்ணு, எங்கெங்க கரி ஓடுதுன்னு கண்டுபுடிக்க ஒதவும்னு சொன்னான்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? மண்ணைப் பஞ்சுல சுத்தி எடுத்துட்டுப் போனாங்க. மனுசனை விட்டுட்டுப் போனாங்க!"

அந்தச் சத்தத்தில் வெளியே உலக்கை நின்றது. இத்தனை காலம் அந்த வீட்டுக்கு வந்து போகிறேன், அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பஞ்சுக்குள் ஒரு மண்கட்டி. தேங்காய் அளவுகூட இல்லை. வெளிர் சாம்பல் நிறம், வழவழப்பு. ஒரு ஓரத்தில் கரி ஒட்டியிருந்தது. கிளார்க் அந்தப் பக்கம் திரும்பியபோது பெட்டியிலிருந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டாளாம். மலையை விட்டுப் போய்ச் செத்து உடம்பு கிடைக்காவிட்டால், செத்த இடத்து மண்ணையாவது கொண்டுவந்து குழியில் வைத்து அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இல்லாவிட்டால் செத்தவன் ஊர் திரும்ப மாட்டான். அந்நிய மண்ணிலேயே அலைவான். மூன்று நாள் ரயிலில் அதை மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்திருக்கிறாள். மலை ஏறும்போது மழை பட்டுவிடக் கூடாதென்று வாழைச்சருகில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டாளாம்.

"மழை பட்டா என்ன புள்ள? மண்ணுதானே" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முடிச்சை மறுபடி கட்டிக்கொண்டாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஊருக்குக் கிழக்கே புதைக்கும் காட்டில் குழி வெட்டினார்கள். முழு ஆள் குழி. வைக்கப்போவது ஒரு கட்டி மண் என்றாலும் குழியைக் குறைக்கக் கூடாதாம். தூறல் நின்று மூட்டமாக இருந்தது. ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி முன்னால் நின்று காரியம் சொன்னார். குடத்தில் தண்ணீர் வந்தது. பறை சும்மா இரண்டு அடி அடித்து நின்றது. பங்காளிகள் ஒருபுறம். அதில் பத்துப் பேர் தோளில் சிவப்புக் கம்பளி.

வேலப்பனும் வந்திருந்தான். குடையை ஊன்றிக்கொண்டு, வெற்றிலையைத் துப்ப இடம் தேடிக்கொண்டு.

"சட்டுனு ஆகட்டும் கவுண்டரே. இருட்டுக்கு முன்னால காரவள்ளி சேரணும். காலையில ரயிலு" என்றான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன உப்புக்காரரே, சௌக்கியமா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதுகூட அன்று எனக்குப் பெரிய வீரமாகத் தோன்றியது. வெட்கக்கேடு.

"பெருமாயி, மண்ணைக் குடு ஆத்தா" என்று அர்த்தனாரி கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. குழிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சின்னராசு, இங்க வா சாமி. நீ போறயா?"

"அண்ணி, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? வாங்கிட்டேனில்ல."

"உங்கண்ணன் முட்டு வெக்காம வெட்டுனான்னு யாரு சொன்னது?"

வேலப்பன் முந்திக்கொண்டான். "நான்தாம்மா சொன்னேன். கம்பெனி ரிப்போர்ட்டே அதுதான். போனவனைக் குத்தம் சொல்லக் கூடாது, ஆனா நெசம் நெசந்தானே? மேல இருக்கறது உங்க வெள்ளை மண்ணு. நீங்களே அதுக்கு அடியில ஆடு கட்டறீங்க, புள்ளைய ஒக்கார வெக்கறீங்க. அது பாட்டுக்கு விழுமா?"

கூட்டத்தில் சிலர் தலையை ஆட்டினார்கள். ஆட்டினார்கள்! செத்தவன் குழி முன்னால் நின்றுகொண்டு, கொன்றவன் பேச்சுக்குத் தலையை ஆட்டினார்கள். எனக்கு அவர்களை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது.

"முட்டு வெச்சிருந்தாரு" என்றாள் பெருமாயி. "ரெண்டு முட்டு. நானே மரம் பொளந்து குடுத்தேன். என் பக்கத்துல மண்ணுப் பொறுக்கற தெலுங்குப் பொம்பள பொறவு சொல்லி அளுதா. அந்த வெள்ளைப் பட்டைக்கு அடியில அவங்க ஆளுங்க ஒருத்தரும் எறங்கமாட்டாங்களாம். தண்ணி பட்டா அது வழுக்கி விட்டுருமாம். அங்க எறங்க ஆளில்லாமத்தான் மலையாளுங்களக் கொண்டாந்தாங்களாம். இவனுங்களுக்கு அந்த மண்ணைக் கண்டா பயமில்ல, சோறு தின்னக்கூட அதுக்கு அடியிலதான் போயி ஒக்காருவானுங்கன்னு மேஸ்திரி சொல்லிச் சிரிச்சாராம்."

"எவளோ ஒருத்தி சொன்னாளாம்!" என்றான் வேலப்பன். "பாஷை தெரியுமா உனக்கு?"

"ஒம்பது மாசம் ஒண்ணாக் குனிஞ்சவளுக்குப் பாஷை வேணுமா?"

"அண்ணி" என்றான் சின்னராசு. குரல் தணிந்திருந்தது. "வெள்ளை மண்ணு வழுக்குமா? நம்ம ஊட்டுக்குப் பின்னால பாட்டன் காலத்துலருந்து நிக்குது."

"நானும் அதத்தாண்டா நெனச்சேன்!"

மார்பில் ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

"மொத நாளு தொட்டியில அந்த மண்ணப் பாத்ததும் எனக்கு எங்க ஊட்டுக் கரையைப் பாத்தாப்பல இருந்துச்சு. இங்க பாருங்க, நம்மூரு மண்ணு, இதுக்கு அடியில இருங்க, ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொல்லி அனுப்பிச்சேன். வேற எடத்துல வெட்டச் சொன்னாக்கூட அவரு அங்கதான் போவாரு. நாஞ் சொன்னேன்னு போவாரு. ஊடு வெட்டறதுக்கு முன்னால ஒரு கட்டியத் தண்ணியில போட்டுப் பாக்கறமில்ல? ஆடு கட்டற கட்டித்தரைக்குக்கூடப் போட்டுப் பாக்கறம். அங்க எனக்கும் தோணல, அவருக்கும் தோணல. ஒரு சட்டித் தண்ணி! அதுக்குள்ள என்னடா அவசரம் எங்களுக்கு?"

அவள் மடியை அவிழ்த்தாள். பஞ்சைப் பிரித்துக் கீழே எறிந்தாள். கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு குடத்துப் பக்கம் திரும்பினாள்.

அர்த்தனாரிதான் முதலில் புரிந்துகொண்டார். "வேண்டாம் புள்ள! அது மண்ணு இல்ல, உம் புருசன். அது போச்சுன்னா அப்பறம் குழிக்கு என்ன வெப்பே? அவன் திரும்பி வரமாட்டான்."

"வரமாட்டாரு. தெரியும்" என்றாள். "இவனையாச்சும் நிறுத்தறேன்."

அகலமான மண்சட்டி ஒன்று அங்கே இருந்தது. குடத்துத் தண்ணீரை அதில் சாய்த்தாள். கட்டியை ஒரு தரம் முகத்தோடு வைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல, பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவதுபோல, சட்டிக்குள் வைத்தாள்.

எல்லோரும் நெருங்கி வந்து குனிந்தோம். கொஞ்ச நேரம் கட்டி அப்படியே இருந்தது. குமிழி வந்தது. வேலப்பன் "பாத்தீங்களா?" என்று சொல்ல ஆரம்பித்தான். அதற்குள் ஒரு ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு மறு ஓரம். நடுவில் ஒரு கோடு விழுந்து கட்டி இரண்டாகத் திறந்தது. ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்கூட ஆகியிருக்காது. சட்டியில் சாம்பல் நிறக் கூழ்தான் இருந்தது. அதன் மேல் கொஞ்சம் கரித்தூள் மிதந்தது.

சின்னராசு சட்டிக்குள் கையை விட்டான். கூழ் விரல் இடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அள்ளினான், நிற்கவில்லை. மறுபடி அள்ளினான். "அண்ணா" என்றான். அதுவரை அவன் அழுது நான் பார்க்கவில்லை. அப்போது உடைந்துபோய் அழுதான்.

பெருமாயி அழவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் இறங்கி, தலைமாடு தொடங்கிக் கால்மாடு வரை அந்தக் கூழை ஊற்றினாள். ஒரு ஆள் நீளத்துக்கு ஊற்றினாள். சட்டியைக் குழியிலேயே கவிழ்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். அவள் கை சுட்டது.

"உப்பைப் போடுங்க" என்றாள்.

போட்டேன். மூட்டை முழுவதையும் கொட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"கோடி யாருப்பா? கூடப்பொறந்தவன் வா" என்றார் அர்த்தனாரி. "புதுத்துணி இல்லாட்டிப் போகுது. பழைய வேட்டி இருந்தாலும் சரி."

சின்னராசு எழுந்தான். தோளிலிருந்த சிவப்புக் கம்பளியை இரண்டு கையாலும் எடுத்து உதறினான்.

"இருக்குதுங்க. புதுசு" என்றான்.

"டேய், டேய்! அது கம்பெனிக் கம்பளிடா!" வேலப்பன் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "கவுண்டரே, இது என்ன நாயம்? உங்க முன்னால கைநீட்டி வாங்கினது."

சின்னராசு குழியில் இறங்கிக் கம்பளியை அந்தக் கூழ் மேல் விரித்தான். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தான். குளிரில் தூங்குகிறவனுக்குப் போர்த்துவதுபோல்தான் போர்த்தினான்.

"கோடி போட்டாச்சு மேஸ்திரி" என்றார் அர்த்தனாரி. "பொணத்து மேல போட்டதத் திருப்பி எடுக்கற வழக்கம் எங்ககிட்ட இல்ல. உங்க ஊருல உண்டுன்னா நீங்களே எறங்கி எடுத்துக்குங்க."

வேலப்பன் குழி விளிம்பு வரை வந்தான். பெருமாயி அங்கே நின்றாள். அவன் இறங்கவில்லை.

பங்காளிகளும் கோடி போடலாம். அதற்குத் தடை இல்லை. இன்னொருவன் வந்தான். அவன் பின்னால் மற்றொருவன். ஒவ்வொருவனாகத் தோளிலிருந்து எடுத்து விரித்துவிட்டு நகர்ந்தார்கள். ஐப்பசிக் குளிரில் அந்த ஊரில் இருந்த ஒரே வெதுவெதுப்பு அந்தக் கம்பளிகள்தான். ஆறு பேர் போட்டார்கள்.

நாலு பேர் போடவில்லை. வீட்டில் பதரைக் குத்தித் தின்கிற பிள்ளைகள் இருந்தன. அவர்களை நான் என்ன சொல்ல? கம்பளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்கள்.

மண் தள்ளும்போது பெருமாயி ஒரு கட்டியை எடுத்தாள். அந்தக் குழிக்குள்ளும் வெள்ளைப் பட்டை ஓடியது. வெட்டும்போது பெயர்ந்த கட்டி அது. கீழே கிடந்த பஞ்சைப் பொறுக்கி அதில் பொறுமையாகச் சுற்றினாள். வேலப்பனிடம் போய் நீட்டினாள்.

"இந்தா. உங்க தொரைகிட்டக் குடு. பொட்டியில வெக்கட்டும். இது எங்க மண்ணு, நிக்கிற மண்ணுன்னு சீட்டு எழுதச் சொல்லு."

அவன் வாங்கவில்லை. அவள் கையை மடக்காமல் அவனைப் பார்த்தபடி நின்றாள். கடைசியில் அவன்தான் குடையை எடுத்துக்கொண்டு திரும்பினான். நான் காட்டிய தடத்திலேயே இறங்கினான். அவன் பின்னால் நாலு சிவப்புக் கம்பளிகள் போயின.

"போகாதீங்கடா!" என்று கத்தினேன். நாலு பேரில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். நம்பலாம் என்று சொன்னவனும் நான்தான் என்பது அவனுக்கு நினைவிருந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.